அழைத்த கூத்தும் பழகிய கூத்தும்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊரொன்றில் கூத்து என்றால் முதலில் எழும் கேள்வி, "எந்த ஜமா வருது?" இலங்கையில் மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றில் அதே சேதி காதில் விழுந்தால் கேட்பது வேறு: "ஆரு அண்ணாவியார்? உங்கட வீட்டில ஆரு ஆடுற?" பாரதக் கதையும் விடிய விடிய ஆட்டமும் இரண்டு கரைக்கும் பொது. ஆடுகிறவர்கள் யார் என்பதில்தான் பாதை பிரிகிறது.

வட தமிழகத்துத் தெருக்கூத்து தொழில்முறைக் கலைஞர்களின் கலை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் ஜமா எனப்படும் குழுவின் தலைவரைப் பார்த்து, தாம்பூலத்தோடு முன்பணம் கொடுத்து நாள் குறிப்பார்கள். பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக ஆட்டம் இருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று வில் வளைப்பில் ஆரம்பித்துப் பதினெட்டாம் போர் வரை கதை நகரும். ஊரில் சாவு விழுந்தால் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடவும் அதே ஜமாவைத்தான் கூப்பிடுவார்கள்.

வேஷம் கட்டுவதைக் கிட்டே இருந்து பார்த்தால் இது தொழில் என்பது புரியும். நடிகர் தரையில் உட்கார்ந்து, கையில் சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைத் தானே எழுதுகிறார். பிறகு கட்டைகள் வருகின்றன. எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். ஒவ்வொன்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்ட இன்னொருவர் வேண்டும். முடிச்சு தளர்ந்தால் கிறுகியடித்துச் சுழலும்போது தோள் கட்டை நகர்ந்துவிடும். மிக இறுகினால் பாட மூச்சு வராது. அந்தப் பதம் பல இரவுகள் ஆடியவர்களுக்கே தெரியும். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாகக் காத்து வருவது இப்படிப்பட்ட கைப்பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

இதனால் ஊர் வெறும் பார்வையாளராகிவிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அருச்சுனன் தபசு இரவில் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தின் படிகளில் பாடிக்கொண்டே ஏறுகிறார். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் விபூதியையும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையில் ஏந்துகிறார்கள். அந்த நேரத்தில் மேலே நிற்பவர் அவர்களுக்கு அருச்சுனன்தான். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் முன் திரௌபதி கூந்தல் முடிப்பதைப் பார்க்க ஊரே காலையில் கூடி நிற்கும். அதன் பின்னர் தீமிதி.

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபுகள் உண்டு. வடமோடி பெரும்பாலும் போர்க் கதைகளை ஆடும், தென்மோடியில் காதலும் மணமும் மிகுதி. ஆடுகிறவர்கள் விவசாயிகள், மீன்பிடிப்பவர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள். கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் குரலையும் உடல்வாகையும் பார்த்துப் பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டுப் பிரதியான 'சட்டம்' கொடுக்கிறார். பிறகு இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் காலில் படிந்ததும் சதங்கை அணி விழா. அதன் பின் வாரம் ஒருமுறை கூடி ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து, முழுக் கூத்தையும் ஒழுங்கு பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அதற்கும் பின்னரே வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் அரங்கேற்றம். அது முடிந்ததும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவதும் வழக்கம்.

இதில் என் மனம் கிழமைக்கூத்திலேயே நிற்கிறது. அங்கே உடுப்பும் கெருடம் என்னும் கிரீடமும் இல்லை, மத்தளமும் சல்லரியும் சதங்கையும்தான். தம்பி தாளம் தவறினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அண்ணாவியார் நிறுத்தி, மறுபடி தாளக்கட்டைச் சொல்லிக் காலைத் திருத்துவதை எல்லோரும் பார்ப்பார்கள். பல கிழமைகள் இப்படிக் கேட்டுக் கேட்டு, ஆடாதவர்களுக்கும் பாட்டு மனப்பாடமாகிவிடும். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி உட்காருபவர்கள் அந்தக் கூத்து வளர்ந்ததைக் கூடவே இருந்து கண்டவர்கள். ஓர் ஊரின் வார நிகழ்ச்சி என்றால் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன்.

ஆனால் இந்த முறைக்கு ஊர் இடம்பெயராமல் இருக்க வேண்டும், இரவில் அச்சமின்றி வெளியே வரவும் வேண்டும். இலங்கையின் உள்நாட்டுப் போர்க் காலம் இரண்டையும் பறித்தது. தமிழ்நாட்டு ஜமா கூலியும் அழைப்பும் குறைந்தால் நலியும். மட்டக்களப்புக் கூத்து இளைஞர்கள் ஊரில் இல்லாவிட்டால் நின்றே போகும். முன்னதற்கு வாழ்க்கைப்பாடு பிரச்சினை, பின்னதற்கு ஆள் பிரச்சினை.

இரண்டு பக்கத்திலும் கூத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். தமிழ்நாட்டில் ந. முத்துசாமி புரிசைக் கூத்தைக் கண்டு வியந்து, 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதற்கு இவை பெரிய காரணம். ஆயினும், இன்று பூங்காவிலும் மண்டபத்திலும் சனிக்கிழமை மாலை முக்கால் மணி நேரம் ஆடவிட்டு அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். கோமாளியான கட்டியங்காரன் சபையைச் சிரிக்க வைத்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது.

மரபு என்ற பெயரில் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு கரையிலும் பெண் வேடத்தை ஆண்களே கட்டிவந்தார்கள். சாதி வரம்பும் இருந்தது. காஞ்சிபுரம் அருகே பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் உருவாக்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்றியது. மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம், பழைய பிரதிகளில் சாதியும் பெண்ணும் சொல்லப்பட்ட விதத்தைக் கேள்விக்குட்படுத்தியது. ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசி மாற்றியதால் அது ஊரின் கூத்தாகவே இருக்கிறது.

ஜமாவை அழைப்பது, ஊரே பழகி ஆடுவது என்ற இந்த வேறுபாட்டை இந்திய குணம், இலங்கை குணம் என்று பிரித்துவிடவும் முடியாது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து போனவர்கள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு மூன்றையும் தங்களோடு கொண்டுபோனார்கள். அழைக்க ஜமா இல்லாத இடத்தில் கொழுந்து பறித்தவர்களே வேஷம் கட்டினார்கள். மாசியில் காமன் ஊன்றியபின் ரதியும் மதனும் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் லயமாக ஆடிப் போவதைப் பார்த்தால், வீட்டுக்கு வீடு ஆடும் மட்டக்களப்பு வழக்கமே நினைவுக்கு வரும்.

ஆகையால் உதவி செய்ய வருகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கக் கூடாது. ஆடி முடிந்து அழைப்பில்லாத மாதங்களில் தெருக்கூத்துக் கலைஞருக்கு வருமானம் வேண்டும். முழு இரவுக்கு உரிய கூலி வேண்டும். மட்டக்களப்பில் ஒருநாள் விழாவுக்குச் செலவிடும் பணத்தை அண்ணாவியாருக்கும், பழகும் மாதங்களில் களரிக்கு வேண்டிய விளக்குக்கும் தேநீருக்கும் கொடுக்கலாம். அரங்கேற்றச் செலவை ஊரே தன் வீடுகளில் தண்டிக்கொள்ளும்.