மூடியிட்ட கலயங்கள்

கேளிக்கைக்கென ஆக்கப்படும் பொருள் எதுவாயினும், அது தோன்றிய சமுதாயத்தின் மனப்போக்கைத் தன்னகத்தே கொண்டிருக்கின்றது. நாவலுக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இன்று மாணவர்களின் ஓய்வு நேரத்தைப் பெரிதும் ஆட்கொண்டுள்ள கணனி விளையாட்டுக்கும் பொருந்தும். "வெறும் விளையாட்டுத்தானே" என்று இதனை ஒதுக்குவோர், இளைஞர்கள் உலகைப் பற்றிய எண்ணங்களை எங்கிருந்து பெறுகின்றனர் என்பதைக் கவனியாது விடுகின்றனர். இக்கருத்தை மனத்திற்கொண்டே, 1995 இல் ஐக்கிய அமெரிக்காவின் சியரா ஒன்-லைன் நிறுவனம் வெளியிட்ட 'ஷிவர்ஸ்' என்னும் விளையாட்டை இங்கு ஆராய முற்படுகின்றோம். அதனை வடிவமைத்தவர் மார்சியா பேல்ஸ்.

கதை எளியது. பேராசிரியர் விண்டில்நொட் என்பவர் விசித்திரப் பொருள்களுக்கென ஒரு நூதனசாலை அமைக்கின்றார். பல ஆண்டுகளுக்கு முன் மாணவர் இருவர் அதனுள் திருட்டுத்தனமாக நுழைந்து, அங்கிருந்த பண்டைய கலயங்களைத் திறந்துவிடுகின்றனர். உள்ளே அடைபட்டிருந்த 'இக்சுப்பி' என்னும் பத்து ஆவிகள் வெளிப்பட்டு அவ்விருவரின் உயிரையும் பின்னர் பேராசிரியரின் உயிரையும் குடிக்கின்றன. நண்பர்களின் சவாலை ஏற்று அங்கே ஓரிரவைக் கழிக்க வரும் இளவயதினர் ஒருவராக விளையாடுபவர் உள்ளே நுழைகின்றார். நீர், மரம், சாம்பல், துணி, மெழுகு, எண்ணெய், மணல், உலோகம், பளிங்கு, மின்னல் எனப் பத்துப் பொருள்களுள் ஒவ்வோர் ஆவி மறைந்து வாழ்கின்றது. ஒவ்வொன்றுக்கும் உரிய கலயத்தையும் மூடியையும் தேடிப் பொருத்தி, அதனை மீண்டும் அடைத்துவிட வேண்டும். இதுவே விளையாட்டின் இலக்கு.

இதன் சிறப்புகளை முதலிற் கூறுவதே நியாயம். இதில் துப்பாக்கி இல்லை. கொன்று குவித்தலும் இல்லை. கூர்ந்து பார்த்தல், ஞாபகத்தில் வைத்தல், பொறுமையுடன் புதிர் அவிழ்த்தல் ஆகியனவே விளையாடுபவரின் ஆயுதங்கள். மண்டபங்களிலுள்ள விளக்கப் பலகைகளையும் நூலகத்திலுள்ள ஏடுகளையும் படியாதவர் நெடுந்தூரம் செல்ல முடியாது. வாசிப்பே உயிரைக் காக்கும் என்று இளைஞருக்கு உணர்த்தும் கேளிக்கை எத்தனை உண்டு? கை விட்மோர் அமைத்த இசையும் ஆளற்ற மண்டபங்களின் தனிமையைத் திறம்பட எழுப்புகின்றது. இவ்வளவு திறமையுடன் ஆக்கப்பட்டிருப்பதாலேயே, அது சொல்லும் செய்தியை நாம் கவனத்துடன் எடை போடவேண்டியுள்ளது.

அந்நூதனசாலையில் இருப்பவை யாவை? எகிப்தியரின் கல்லறை உண்டு. பூசாரிகளின் மந்திர உலகம் உண்டு. பற்பல மக்களின் கடவுளர் ஒரே மண்டபத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளனர். ஈமச் சடங்குகள் வேடிக்கைப் பொருளாகியுள்ளன. மேற்கு ஆபிரிக்காவின் அக்கான் மக்கள் கதை சொல்லி வளர்த்த அனான்சி என்னும் சிலந்தி இசைப்பெட்டியில் அடங்கிவிட்டது. அடிமைக் கப்பல்களில் விலங்கிடப்பட்டுச் சென்றோரின் நெஞ்சில் கரிபியன் தீவுகளை அடைந்த கதை அது. ஆவிகள் பறிக்கும் உயிர்ச்சத்துக்கு எகிப்தியச் சொல்லாகிய 'கா' என்பதே பெயர். விளையாடுபவர் படிக்கும் ஏடுகளுள் ஒன்றோ தென்னமெரிக்கச் சித்திர எழுத்துகளைப் பற்றியது. எம்மக்களுக்கு எது உரியது என்ற வேறுபாடு இங்கு தேவைப்படவில்லை. ஐரோப்பியர் அல்லாதார் யாவரும் 'விசித்திரம்' என்ற ஒரே கூடையிற் போடப்படுகின்றனர்.

தூக்குமரமும் தலைவெட்டும் பொறியும் உள்ள பகுதிக்கு 'மனிதன் மனிதனுக்கு இழைத்த கொடுமை' என்று பெயர். எந்த மனிதன், எந்த மனிதனுக்கு என்ற வினா அங்கு எழவில்லை. எகிப்தியரின் மரணம் எகிப்தியருக்கே உரிய விநோதமாகின்றது. ஐரோப்பாவின் கில்லட்டினோ மனிதகுலம் முழுவதன் குற்றமாகின்றது. இப்பங்கீட்டில் அடங்கியுள்ள அரசியலை விளக்கப் பலகைகள் சொல்வதில்லை.

எனினும் விளையாட்டின் கருவுள் ஓர் உண்மை புதைந்திருக்கின்றது. அந்நியரின் மண்ணிலிருந்து கொணரப்பட்ட பொருள்கள் அமைதியாக உறங்குவதில்லை. அவற்றுள் கோபம் உண்டு. இவ்வுண்மையை நெருங்கிய ஆசிரியர், அதன் வாயிலிலேயே திரும்பிவிடுகின்றார். கோபத்துக்குக் காரணம் யாது என்று ஆராயாமல், கோபத்தையே தீமை என்று தீர்ப்பளிக்கின்றார். சேகரித்து வைத்த பேராசிரியர் இரங்கத்தக்க ஆவியாகின்றார், சேகரிக்கப்பட்டவையோ அரக்கராகின்றன. கலயத்தை மூடுதல் என்ற ஒரே தீர்வு தவிர, அதனை உரிய மக்களிடம் ஒப்படைத்தல் என்ற வழி விளையாடுபவர் முன் வைக்கப்படவே இல்லை. புதிரின் விடை மூடியாக அமைந்துவிட்டது.

அக்காலத்தில் இவ்வெண்ணம் எவருக்கும் தோன்றியிருக்க முடியாது என்று சமாதானம் கூறலாகாது. விளையாட்டு வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 இல், அமெரிக்கச் சுதேச மக்களின் புதைகுழிகளைப் பாதுகாத்து அவர்களின் பொருள்களைத் திருப்பியளிப்பதற்கான சட்டம் அந்நாட்டிலேயே நிறைவேறியிருந்தது. கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் நிறுவனங்கள் தம்மிடமுள்ள சுதேச மக்களின் எலும்புகளையும் ஈமப் பொருள்களையும் கணக்கெடுத்து, உரியோர் கோரின் திருப்பியளிக்கவேண்டும் என்று அது விதித்தது. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் நடத்திய போராட்டத்தின் பயன் அது. அரச நிதி பெறாத தனியார் சேகரிப்புகளை அச்சட்டம் தீண்டுவதில்லை. விண்டில்நொட்டின் நூதனசாலை போன்றவை அந்த வேலிக்கு வெளியே நின்று பிழைத்துக்கொள்ளும்.

பேராசிரியர்கள் பெட்டிகளுடன் திரும்பிவருதல் கற்பனையும் அன்று. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைரம் பிங்கம் 1911 இல் மச்சுபிச்சுவை அடைந்தார். அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளும் மட்பாண்டங்களும் பிறவும் அப்பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அவற்றைத் திருப்பித் தருமாறு பெரு நாடு நெடுங்காலம் வாதாடியது; 2010 இல் உடன்பாடு ஏற்பட்டு, 2012 அளவில் அவை தாயகம் சேர்ந்தன. அங்கே எந்த ஆவியும் எவருடைய உயிரையும் குடிக்கவில்லை. நூறாண்டுகள் நீடித்த ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது, அவ்வளவே.

எமது தீவும் இக்கதைக்குப் புறம்பானதன்று. வேடுவ மக்களின் மண்டையோடுகள் ஒன்பது, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுச் சேகரிப்பில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தன. 2019 இல் அவை வேடுவர் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆய்வாளனுக்கு இலக்கமிட்ட மாதிரியாகவும், பார்வையாளனுக்கு அச்சமூட்டும் விநோதமாகவும் இருக்கும் மண்டையோடு, அம்மக்களுக்கு மூதாதையின் தலையாகும். இவ்விரு பார்வைகளுக்கும் இடையில் நடுநிலை என்று ஒன்று இல்லை.

திகிலூட்டும் கதையில் ஆவிகள் தீயனவாக இருப்பது மரபுதானே என்று சிலர் கேட்கக்கூடும். மரபுதான். ஆயின் எமது கிராமத்துப் பேய்க்கதைகளிலும், கொலையுண்டவளின் ஆவி எதற்காக அலைகின்றது என்ற வினாவுக்கு விடை உண்டு. அநீதி இழைத்தவன் இனங்காணப்பட்ட பின்னரே அவ்வாவி சாந்தியடைகின்றது. எழுத்தறியாப் பாட்டி கூறிய கதையில் இடம்பெற்ற அந்த நீதியுணர்வு, பெரும் பொருட்செலவில் உருவான இவ்விளையாட்டில் இல்லாதிருப்பதே அதன் கலைக்குறையுமாகும். காரணமற்ற கோபம் ஒருமுறை திடுக்கிட வைக்கும், நெஞ்சில் தங்காது.

மாணவர்கள் இதனை விளையாடலாகாது என்று நாம் கூறவில்லை. விளையாடட்டும், ஒவ்வொரு விளக்கப் பலகையையும் படிக்கட்டும். படித்தபின், பலகை கூறாத மூன்றையும் கேட்கட்டும்: இப்பொருள் யாருடையது? யார் எடுத்தார்? எந்த உரிமையால்? கணனித் திரையில் இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன், கொழும்பிலோ இலண்டனிலோ கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும்போதும் அவற்றை மறக்கமாட்டான். அப்பழக்கத்தை ஊட்டும் பணி ஆசிரியர்களாகிய எம்முடையது.