யாழ்நூலும் அடிகளாரின் ஆசிரியப் பணியும்

பெரியோரைப் போற்றுதற்கு இரு வழிகள் உள. அவர்தம் உருவத்துக்கு மாலை சூட்டிப் புகழ்மொழி கூறுதல் ஒன்று. அவர் விட்டுச்சென்ற பணியை ஆராய்ந்து தொடர்தல் மற்றொன்று. விபுலானந்த அடிகளாரைப் பொறுத்தவரை நாம் முன்னதிற் குறைவைக்கவில்லை. பின்னதிலேயே பிற்பட்டு நிற்கின்றோம். இதனை அவர்தம் யாழ்நூல் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கீழ்மாகாணத்துக் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கினார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகப் பணியாற்றியபின் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, 1924இல் விபுலானந்தர் என்னும் துறவுப் பெயர் பெற்றார். துறவு அவரை வகுப்பறையினின்றும் பிரிக்கவில்லை. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானபோது, அயலிலிருந்த சேரிச் சிறார்க்கும் எழுத்தறிவித்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்தகைய பணிகளினிடையே நெடுங்காலம் உழைத்து அவர் ஆக்கிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்புதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார்.

இந்நூலின் தனிச்சிறப்பு யாது? பழம்பெருமை பேசுவதன்று, சோதித்துக் காண்பதே என்க. சிலப்பதிகார உரைகள் குரல் முதலிய ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் வகுத்து 22 எனத் தொகை காட்டுகின்றன. இவற்றை வெறும் எண்களாக விடாது, செவி அளந்தறியத்தக்க ஒலியிடைவெளிகளாகக் கொண்டு கணித முறையால் அடிகளார் ஆராய்ந்தார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைக்கக் குரலுக்கு இளி பிறக்கும் என்பது பௌதிக வகுப்பிற் கேட்கும் செய்தி; அதனையே பண்டைத் தமிழிசைக்குத் திறவுகோலாக்கியமை அப்பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவரேயானமையால் விளைந்த பயனாகும். அவர் கண்டவாறு செய்யப்பெற்ற யாழ்கள் அரங்கேற்றத்தின்போது இசைக்கவும் பெற்றன.

நிற்க. நூலின்கண் தடைகளும் உள. பழைய யாழொன்றேனும் முழுமையாக நமக்குக் கிடைக்காமையின், அடிகளார் காட்டும் கருவிகள் நூற்சான்றினின்றும் உய்த்துணர்ந்தவையே. பண்டையோர் கேட்ட ஒலி இதுவே என அறுதியிடல் அரிது. அலகுத் தொகையிலும் அறிஞர் ஒருமித்தாரல்லர். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் 24 என்னுங் கொள்கையை நிறுவ முயன்றார். அடிகளார் 22 என்பதையே கொண்டார். மேலும், நடையின் செறிவினாற் கணக்கறிந்தார் தமிழறியாது தயங்குவர். தமிழறிந்தார் கணக்கறியாது தயங்குவர். புகழ்வார் பலராயினும் பயில்வார் சிலராயினமைக்கு இதுவே காரணம்.

எனினும், இத்தடைகள் நூலின் பெருமையைக் குறைப்பனவல்ல. நமது கடமையைக் கூட்டுவனவேயாம். சேரிச் சிறுவனுக்கு எழுத்தறிவித்த கையும் மறைந்த யாழுக்கு நரம்பு கட்டிய கையும் ஒன்றே. சிலரிடம் மட்டும் தங்கிய கல்வியும், ஏட்டில் மட்டும் தங்கிய இசையும் அவருக்கு ஒரு தன்மையனவாகவே தோன்றின போலும். இரண்டனையும் பலர்க்கும் உரியவாக்குதலே அவர் வாழ்வின் நோக்கம் எனலாம். அந்நோக்கம் நூலைப் பேழையிற் பூட்டி வைத்து வணங்குவதால் நிறைவேறாது.

ஆதலின், ஆண்டுதோறும் அடிகளார் விழா எடுக்கும் கல்லூரிகள் ஒன்று செய்தல் நன்று. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் இசையாசிரியரும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்க. மாணாக்கர் கையில் ஒரு நரம்பும் அளவுகோலும் கொடுக்க. யாழ்நூலின் ஓர் இயலையேனும் அளந்து, மீட்டி, கேட்டுப் பார்க்க. அடிகளார் கணக்கிற் பிழையுளதேல் அதனையும் அஞ்சாது கூறுக. பிழைகாண வல்ல மாணாக்கனைப் பெறுதலினும் நல்லாசிரியனுக்கு உவகை தருவது வேறில்லை.