எச், ஜே, கே, எல்: விம் எடிட்டரை ரசிப்பது எப்படி?

நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் விம் எடிட்டரை முதல்முறை திறப்பவர் ஏதாவது தட்டச்சு செய்து பார்ப்பார். எழுத்து வராது. கர்சர் எங்கோ தாவும், ஒரு வரி காணாமல் போகும், மவுஸைத் தேடினால் மெனுவும் இருக்காது. பெரும்பாலோர் அந்த இடத்திலேயே ஜன்னலை மூடிவிடுகிறார்கள். மிச்சப் பேருக்குப் பித்துப் பிடிப்பதும் அங்கேதான். மாலை நேரமானால் லினக்ஸ் இயங்குதளத்தை நோண்டுவதே பொழுதுபோக்கு என்று இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் அது விம்மில் வந்து நிற்கும்.

ரசனைக்கு முதல் படி, இதன் வம்சாவளி. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக 'ஈடி' என்ற எடிட்டரை எழுதினார். அன்றைக்குத் திரை ஏது? டெலிடைப் இயந்திரம் எல்லாவற்றையும் காகிதத்தில்தான் அச்சடித்தது. அதனால் ஈடி மகா சிக்கனம்: கட்டளை தப்பாகப் போனால் ஒற்றைக் கேள்விக்குறி, அவ்வளவுதான் பதில். அந்த வழியில், 1976-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பில் ஜாய் திரையில் இயங்கும் 'விஐ' எடிட்டரை எழுதினார்; விம் அதன் மேம்பட்ட வாரிசு. அவரிடம் இருந்தது 300 பாட் வேக மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட திரையை முழுதாக வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கட்டளைகள் ஏன் ஓரெழுத்தில் இருக்கின்றன என்பது இப்போது விளங்கும்.

அவர் பயன்படுத்திய டெர்மினல், லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. அதன் விசைப்பலகைப் படத்தை இணையத்தில் எடுத்து ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். விம்மில் இன்றைக்கும் கர்சரை நகர்த்துபவை இந்த நான்கும்தான். இன்று டேப் விசை இருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் இருந்தது. சுண்டுவிரலுக்கு எட்டும் தூரம். 'ஹோம்' என்ற சொல்லும் நெளிகோட்டுக் குறியும் ஒரே விசையில் இருந்தன. லினக்ஸில் ஒருவருடைய சொந்தக் கோப்புறையை இன்னமும் அந்த நெளிகோடுதான் குறிக்கிறது. பழைய கோயில் சுவரில் கல்வெட்டைத் தேடி வாசிப்பவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் இதிலும் உண்டு.

அடுத்தது கட்டளைகளின் இலக்கணம். 'டி' என்றால் அழி. 'டபிள்யூ' என்றால் ஒரு சொல் தூரம். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒரு சொல் போகும்; நடுவே 3 சேர்த்தால் மூன்று சொற்கள். 'ஏபி' என்பது ஒரு முழுப் பத்தி. ஆக, 'டிஏபி' பத்தியையே தூக்கிவிடும். 'டி'க்குப் பதில் 'சி' தட்டினால் அழித்துவிட்டுப் புதிதாக எழுத இடம் கொடுக்கும், 'ஒய்' தட்டினால் நகலெடுக்கும். மூன்று வினைகளும் 'டபிள்யூ' போன்ற பத்து இடக்குறிகளும் கைவந்தால் முப்பது கட்டளைகள் கையில் இருக்கும். தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் சிகரம் முற்றுப்புள்ளி விசை. கடைசியாகச் செய்த திருத்தத்தை அது அடுத்த இடத்தில் அப்படியே செய்து காட்டும்.

விம் பழகினால் வேலை வேகமாகும் என்று அடித்துச் சொல்வார்கள். அதை அவ்வளவு நம்ப வேண்டாம். நிரல் எழுதுபவருக்கு யோசிக்கும் நேரம்தான் அதிகம், தட்டச்சு கொஞ்சம். யோசித்ததைக் கை தயங்காமல் செய்வதில்தான் ருசி.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 'அ' என்று எழுதி, எஸ்கேப் தட்டி, கர்சரை அதன் மேல் வைத்து 'ஜி', '8' என்று தட்டினால், அந்த எழுத்து நினைவகத்தில் பிடிக்கும் மூன்று பைட்டுகளைக் காட்டும். மூன்று பைட் கணக்கு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் வருவது. அதை 1992-ல் நியூஜெர்சி உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில், சக ஊழியர் ராப் பைக் உடனிருக்க வடிவமைத்தவர் வேறு யாருமில்லை, ஈடி எழுதிய அதே கென் தாம்ப்ஸன்.

  

தொடங்குபவர் மற்றவர்களின் அமைப்புக் கோப்பை நகலெடுக்காமல் இருப்பது நல்லது. சமையல் தெரியும் முன்பே மசாலாவைக் கொட்டக் கூடாது. விம்முடன் வரும் 'விம்டியூட்டர்' பாடத்தை முடிக்க அரை மணி நேரம் போதும். மாக் கணினியில் விம் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ்காரர்கள் வன்வட்டைத் தொடாமல் யுஎஸ்பி குச்சியிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். விம்முக்குள் மாட்டிக்கொண்டால் எஸ்கேப், முக்காற்புள்ளி, 'க்யூ', ஆச்சரியக்குறி, என்டர்: வெளியே வந்துவிடலாம்.

விஐயை மேம்படுத்தி 1991-ல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டவர், நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார். 1994-ல் உகாண்டாவின் கிபாலே குழந்தைகள் மையத்தில் குடிநீர், சுகாதாரப் பொறியாளராக வேலை செய்தார். அதன்பின் விம்முக்கு விலையாக அவர் கேட்டது, அந்தக் குழந்தைகளுக்கு நன்கொடை மட்டும். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார்; 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. விம் பிடித்துப்போனவர்கள் உகாண்டா குழந்தைகளுக்கு ஒரு சிறு தொகையாவது அனுப்பிவையுங்கள்.