வெண்மையெல்லாம் எலும்பாகுமா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவையைப் பற்றி எழுதுவோர் பலர் "செயற்கை எலும்பு" என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறார்கள். பொருத்திய மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்துவிட்டால், செயற்கை எலும்பை இட்டுக் குழியை நிரப்பினால் போதும் என்ற எண்ணத்தை இச்சொல் உண்டாக்குகிறது.

குழியில் இடப்படுவது எலும்பு அன்று. ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் முதலிய பீங்கான் இனப் பொருள்களின் நுண்துளை மணிகளே அவை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இத்தகைய பொருள்களை நம் நாட்டிலேயே உருவாக்கியிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் இவை வெறும் பந்தல்தான். கொடி படர வேண்டியது பக்கத்திலுள்ள உயிருள்ள எலும்பிலிருந்து.

எலும்பு ஏன் கரைந்தது? இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் பாலிஎதிலீன் கிண்ணத்தைப் புகுத்தினார். 60 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் நடந்தாலே மூட்டின்மேல் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் விழும். கல்வராயன் மலைச் சரிவுகளில் ஏறி இறங்குவோர்க்கு இன்னும் கூடுதல். அடிக்கு அடி கிண்ணம் தேய்ந்து, மைக்ரானிலும் சிறிய துகள்கள் உதிர்கின்றன. அவற்றை விழுங்கும் செல்கள் எழுப்பும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. தேய்ந்த கிண்ணத்தை விட்டுவிட்டுக் குழியை மட்டும் நிரப்புவது, குழாய்க் கசிவை அடைக்காமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான்! (இன்றைய குறுக்குப் பிணைப்புப் பாலிஎதிலீன் மிகக் குறைவாகவே தேய்கிறது.)

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களைச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. இயற்பியல் மாணவர் இதை எளிதில் ஏற்கலாகாது. எலும்பில் எக்ஸ்-கதிரைப் பெரிதும் தடுப்பவை கால்சியமும் பாஸ்பரசும். நிரப்பிய மணிகளிலும் அவையே உள்ளன. எனவே, ஒரு துளி எலும்பும் வளராத மறுநாளே குழி வெள்ளையாகத் தெரியும். பார்க்க வேண்டியவை வேறு: மாதங்கள் செல்லச் செல்ல மணிகளின் விளிம்பு மங்கி எலும்போடு கலக்கிறதா? இடையில் கருங்கோடு விழுகிறதா? உலோகத் தண்டு கீழே இறங்கியிருக்கிறதா?

இந்த எலும்பிழப்பு பெரும்பாலும் நெடுநாள் வலிப்பதில்லை. ஆகவே, மூட்டு மாற்றிக்கொண்ட வெள்ளிமலைக்காரர் ஒருவர், நன்றாக நடந்தாலும், மருத்துவர் குறித்த காலத்தில் மலையிறங்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கள்ளக்குறிச்சியிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. போகும்போது பழைய படங்களையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.