சவாரிக்குத் தாங்குமா நம் சினிமா?

மும்பை–புனே விரைவுச்சாலையில் கோப்போலிக்கு அருகே இருக்கிறது இமேஜிக்கா கேளிக்கைப் பூங்கா. 'அட்லாப்ஸ்' மன்மோகன் ஷெட்டி 2013இல் தொடங்கியது. இன்று மால்பானி குழுமத்தின் கையில் இருக்கிறது. அங்கே 'மிஸ்டர் இந்தியா' படத்தின் பெயரில் ஒரு ரைடு உண்டு. விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி கிளம்பிவிடும். இன்னும் நாலு படம் வரட்டும், 'பாகுபலி' வரட்டும், ரஜினி வரட்டும் என்பது ஒன்று. படம் பார்க்கத் தியேட்டர் இருக்கிறது, பூங்கா தன் கதையைத் தானே கட்டட்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சிக்காரன். ஆனால் முதல் கட்சி சொல்வதிலும் வலுவான நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு இந்த வழக்கை எடைபோட முடியாது.

ஒரு ரைடு நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஆளை அறிமுகம் செய்து, பகையைச் சொல்லி, பயத்தையும் காட்ட நேரமில்லை. 'மிஸ்டர் இந்தியா'வின் வில்லன் மொகாம்போவின் பெயரைச் சொன்னதும் அம்ரீஷ் புரியின் முகம் வந்து நிற்கிறதே, அந்தப் பாதி வேலையைப் படம் முன்பே முடித்து வைத்திருக்கிறது. 1987இல் சேகர் கபூர் எடுத்த படம் அது. தமிழில் 1989இல் பாக்யராஜ் நடித்து 'என் ரத்தத்தின் ரத்தமே'யாக வந்தது. இந்தியில் பார்த்த அப்பாவும் தமிழில் பார்த்த அம்மாவும் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று பேச அங்கே விஷயம் இருக்கிறது. குடும்பமாகப் போகிற இடத்துக்கு இது சின்ன வரவு இல்லை.

அதே வரிசையில்தான் குறையும் தெரிகிறது. இன்று பத்து வயதாகும் பிள்ளைக்கு மொகாம்போ யாரென்று அப்பா சொல்லித்தான் தெரியவேண்டும். படத்தின் புகழ் தேயத் தேய அந்த ரைடும் வலுவிழக்கும். பூங்காவே உண்டாக்கிய ஒன்றுக்கு இந்த மூப்பு வருவதில்லை. கோராயில் 1989இல் திறந்த எஸ்ஸெல்வேர்ல்டை நினைத்துப் பாருங்கள். மார்வேயில் படகேறிப் போவோம். ஹூலா லூப், ஜிப்பர் டிப்பர், டாப் ஸ்பின், மான்ஸ்டர்ஸ் இன் தி மிஸ்ட் என்று எதிலும் சினிமாப் பெயர் இல்லை. கொரோனாவுக்குப் பின் அந்தப் பூங்கா பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் நாற்பது கடந்த மும்பைக்காரர்களுக்கு அந்தப் பெயர்கள் இன்றும் நாக்கில் இருக்கின்றன. இத்தனைக்கும் அவை பெரிய கலைப்படைப்புகளும் இல்லை. ஓர் ஊரின் பிள்ளைப்பருவத்தை வேறு எவரிடமும் உரிமம் வாங்காமல் அவை நிறைத்தன.

நம் திரைப்படங்களை ரைடாக்கும்போது வரும் பெரிய சிக்கல் வேறு. நம் சினிமாவின் இன்பம் எங்கே இருக்கிறது? மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படம் வெளியாகும் நாளில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். கட்அவுட், மேளம், பாலாபிஷேகம், அறிமுகக் காட்சிக்கு எழும் விசில். அந்த இன்பம் கூட்டத்தில் பிறப்பது. சிமுலேட்டர் ரைடோ ஒவ்வொருவரையும் நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி, திரையைப் பார்க்கவைக்கிறது. படம் முன்னே பாயும்போது நாற்காலி மெல்லப் பின்னால் சாய்கிறது. முதுகில் விழும் உடல் எடையை, வேகம் கூடுவதாகக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு எடுத்துக்கொள்கிறது. தொழில்நுட்பமாக அது அழகான வித்தை. ஆனால் அந்த வித்தைக்குத் தேவைப்படுவது ஓட்டமும் வீழ்ச்சியும்தான். நாயகனின் நடை, வசனம், பாட்டு, தாயின் கண்ணீர் எதுவும் அதற்குள் ஏறாது. ஆகவே எந்தப் படத்தை அதில் போட்டாலும் துரத்தலாகத்தான் வெளியே வரும். பூங்கா நடத்துபவர்களுக்கு இது வசதி: இயந்திரம் அப்படியே இருக்க, திரையில் ஓடும் படத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பார்ப்பவருக்கு நாலு பெயரில் ஒரே குலுக்கல்.

துபாயில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். 2016இல் திறந்த பாலிவுட் பார்க்ஸில் மும்பைத் தெருவைப்போல 'மும்பை சௌக்' என்றே ஒரு பகுதி இருந்தது. 'ஷோலே' அங்கே கப்பர் சிங்கைத் துப்பாக்கியால் குறிபார்க்கும் முப்பரிமாணச் சவாரியானது. 'க்ரிஷ்' பறக்கும் தியேட்டரானது. 'லகான்' சிமுலேட்டரானது. 'ஷோலே'யில் நாம் காத்திருப்பது கப்பரின் பேச்சுக்கும் ஜெய், வீரு நட்புக்கும். குறிபார்த்துச் சுடுவதற்கு அந்தப் படமே வேண்டியதில்லை. அந்தப் பூங்காவில் நம் சினிமாவுக்கு நெருக்கமாக இருந்தது ராஜ்மகால் என்ற அரங்கம்தான். பாட்டும் ஆட்டமுமாக மேடை நாடகம் நடந்த இடம். பூங்கா 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. பாலைவன வெயில், இடையில் வந்த பெருந்தொற்று என்று அந்தத் தொழிலுக்குப் பல இடர்கள் இருந்தன, பழியை ரைடுகளின்மேல் மட்டும் போட்டுவிட முடியாது. ஆனால் அரங்கத்தை நடுவில் வைத்துப் பூங்காவைக் கட்டியிருந்தால் அது நம்முடையதாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சினிமாவை வைத்து நல்ல ரைடே வராதா? வரும். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் 1998இல் உயிருள்ள விலங்குகளை நம்பித் திறந்த பூங்கா. அங்கே 'அவதார்' பகுதி வரப்போவதாக 2011இல் அறிவித்தபோது, நிஜ யானையும் புலியும் வாழும் இடத்தில் நீலநிறக் கற்பனை மனிதர்களுக்கு என்ன வேலை என்று அதன் நேசர்கள் எதிர்த்தார்கள். கேள்வி சரியானதுதான். 2017இல் பண்டோரா என்ற பெயரில் அந்தப் பகுதி திறந்தபோது எதிர்த்தவர்களில் பலர் மனம் மாறினார்கள். காரணம், படத்தின் நாயகனை அங்கே முன்னால் நிறுத்தவில்லை. மிதக்கும் மலைகளும் இரவில் ஒளிரும் செடிகளும்தான் அங்கே எல்லாம். படத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு நிலத்தை. நிலத்துக்குள் நடக்கலாம், நட்சத்திரத்துக்குள் நடக்க முடியாது. நம் படங்களில் இந்தச் சோதனையில் தேறக்கூடியது 'பாகுபலி'யின் மகிழ்மதி. ராமோஜி ஃபிலிம் சிட்டியில் அந்தச் செட்டைக் காண மக்கள் போகிறார்கள் என்பதே அதற்குச் சாட்சி. 'மிஸ்டர் இந்தியா'விலும் ஒரு பொன்னான கருத்து கிடக்கிறது: கண்ணுக்குத் தெரியாத மனிதன் சிவப்பு ஒளியில் மட்டும் தெரிவான். இருட்டு அறைகள், சிவப்பு விளக்கு, கையில் ஒரு கண்ணாடித் துண்டு என்று நடக்கவிட்டிருந்தால் படம் பார்க்காத பிள்ளையும் கூவியிருக்கும்.

திசை மாறியும் நடக்கலாம். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' 1967இல் டிஸ்னிலாந்தின் படகுச் சவாரியாகத்தான் பிறந்தது. படம் வந்தது 2003இல். பூங்காவின் கற்பனை சினிமாவுக்குச் சோறு போட்ட கதை அது. ஆனால் 2006இல் படத்தின் ஜாக் ஸ்பாரோவை அந்தச் சவாரிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். பெற்ற தாயின் வீட்டில் பிள்ளையின் படத்தை மட்டும் மாட்டிவைத்ததுபோல எனக்கு அது உறுத்துகிறது.

இடம் ஒன்றைச் சினிமா விழுங்குவது என்றால் என்னவென்று தாராவித் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'மிஸ்டர் இந்தியா' வந்த அதே 1987இல்தான் 'நாயகன்' வந்தது. தோட்டா தரணி சென்னை ஸ்டுடியோவில் தாராவியை எழுப்பித் தேசிய விருது வாங்கினார். மாபெரும் கலைஞரின் மாபெரும் வேலை. ஆனால் அதன்பின் வெளியூர்த் தமிழர் பலர் தேடிவந்தது அந்தச் செட்டைத்தான். 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தபின் வெளிநாட்டார் இன்னொரு தாராவியைத் தேடினார்கள். கும்பார்வாடா மண்பாண்டக்காரரும் விடியுமுன் இட்லி சுட்டு நகரெங்கும் விற்கப் புறப்படுகிறவரும் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வாய்திறக்குமுன் படம் பேசிவிடுகிறது. டிஸ்னியின் எப்காட்டில் நார்வே நாட்டுக்கென இருந்த மேல்ஸ்ட்ராம் படகுச் சவாரியை எடுத்துவிட்டு 2016இல் 'ஃப்ரோஸன்' சவாரியை வைத்தபோது எழுந்த எதிர்ப்பும் இதே வலிதான். கற்பனை ராஜ்யம் வந்து உட்கார்ந்தது, உண்மையான நாடு எழுந்து போனது.

செம்பூரில் இதற்கு மறுபக்கம் நடந்தது. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோவில் 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. பழைய படங்களின் உடைகள் உட்படப் பல பொருள்கள் எரிந்தன. 2019இல் நிலம் கோத்ரெஜ் நிறுவனத்துக்குக் கைமாறியது. படம் பிறந்த அசல் தளம் அது. மும்பைத் தெருவின் நகலைப் பாலைவனத்தில் கட்டப் பணம் கிடைத்த காலத்தில், செம்பூரின் அசலைக் காக்க எந்தக் கையும் நீளவில்லை. சினிமாவின் மேல் இத்தனை பாசம் காட்டும் நாம் எல்லோருமே இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

இமேஜிக்காவிலேயே நான் மெச்சுவது ராஜாசாரஸ் ரிவர் அட்வெஞ்சர் என்ற நீர்ச்சவாரியை. ராஜாசாரஸ் நம் மண்ணில் வாழ்ந்த டைனோசர். அதன் எலும்புகள் குஜராத்தில் கிடைத்தன. 2003இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. ஹாலிவுட்டின் டி-ரெக்ஸ் பெயரை வாங்கி ஒட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் நர்மதைக் கரையின் விலங்கைத் தேடி எடுத்தார்களே, அங்கே ஒரு பூங்காவின் சுயபுத்தி தெரிகிறது. சலீம்கட் என்ற பேய்க்கோட்டையும் இந்த வகைதான்.

பூங்கா நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. புதுப் படம் எதையும் வாங்குங்கள், காலியிடத்தில் கட்டுங்கள். நட்சத்திரத்தின் முகத்தை விட்டுவிட்டு, படத்தில் நடந்து திரியத்தக்க நிலம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராஜாசாரஸையும் சலீம்கட்டையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.