வழுக்கையும் மொட்டையும்: ஓர் எபிரேயச் சொல்லைக் குறித்து

இன்று கைவசமுள்ள தவ்ராத்தின் மூன்றாம் நூலாகிய லேவியராகமம், தன் 13ஆம் அதிகாரத்தில் தோலில் தோன்றும் வெண்மையையும் தடிப்பையும் குருமார் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்று விவரிக்கிறது. ஏழு நாள் அடைத்து வைத்தல், மீண்டும் பார்த்தல், தீட்டென அறிவித்தல் என இறுக்கமாகச் செல்லும் அந்தச் சட்டத்தின் நடுவே, 40, 41ஆம் வசனங்களில் எதிர்பாராத ஓர் ஆறுதல் வருகிறது. தலைமயிர் உதிர்ந்தவன் ‘கேரேயஹ்’, முன்தலை மயிர் உதிர்ந்தவன் ‘கிப்பேயஹ்’. இருவருமே தூய்மையானவர்கள் என்பது தீர்ப்பு. தூய்மைக்கு அங்கே வரும் சொல் ‘தாஹோர்’. நம் ‘தாஹிர்’, ‘தஹாரத்’ என்பவற்றின் உடன்பிறப்பு அது.

வழுக்கை விழுந்தவனைத் தூய்மையானவன் என்று ஒரு சட்டம் ஏன் சொல்ல வேண்டும்? முந்தைய வசனங்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே ‘நெத்தெக்’ எனும் தலைப்படை பேசப்படுகிறது. மயிர் மெலிந்து மஞ்சளாவது அதன் அடையாளம். மயிர் குறையும் எவனும் ஐயத்துக்கு ஆளாகக்கூடிய அந்த இடத்தில், வயதினாலும் இயல்பினாலும் உதிர்வதைச் சட்டம் விலக்கிவிடுகிறது. வழுக்கை விழுந்த இடத்தில் (அவ்விடத்துக்கே ‘கரஹத்’ என்று பெயர்) செவ்வெண்மையான புண் தோன்றினால்தான் குருவின் வேலை மீண்டும் தொடங்கும்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் ‘நெகாயிம்’ பகுதி இதை மேலும் நுணுக்குகிறது. உச்சியிலிருந்து பின்னோக்கிப் பிடரிவரை கரஹத். உச்சியிலிருந்து முன்னோக்கி நெற்றி மயிர்வரை ‘கப்பஹத்’. உடலின் மற்ற இடங்களில் தீட்டுக்கு அடையாளமாகும் வெண்மயிர் இங்கே கணக்கில் வராது. மயிரே இல்லாத இடத்தில் வெண்மயிரை எங்கே தேடுவது! ஃபிக்ஹு நூல்களில் உளூவின் எல்லைகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த நடை அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அதே மிஷ்னா, ‘பெகோரோத்’ பகுதியில், காதுக்குக் காது ஒரு வரி மயிரும் இல்லாத குரு ஆலயப் பணிக்குத் தகாதவர் என்கிறது. லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின் குறைப் பட்டியலில் வழுக்கை இல்லை. வேதவரி விட்டுக்கொடுத்ததைப் பிந்திய மரபு ஓரளவு திரும்ப எடுத்துக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம்.

தமிழில் வழங்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு, கேரேயஹை ‘மொட்டையன்’ ஆக்கியது. தமிழில் மொட்டை என்பது பெரும்பாலும் மழித்த தலை. தானாக உதிர்ந்தால் அது வழுக்கை. எபிரேயத்திலோ ஒரே வேரிலிருந்து, உதிர்ந்ததற்குக் கரஹத் என்றும், துக்கத்தில் கையால் உண்டாக்கிக்கொள்வதற்குக் ‘கொர்ஹா’ என்றும் இரு வடிவங்கள் உண்டு. முதலாவது தூய்மையானது, இரண்டாவது விலக்கப்பட்டது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் தமிழில் அந்த வேறுபாடு எளிதாகத் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு அதை மங்கச் செய்துவிட்டது. ‘ஸாரஅத்’தைக் குஷ்டம் என்று பெயர்த்தது இதைவிடப் பெரிய பிழை. வெண்மை உடல் முழுவதும் பரவினால் அவன் தூய்மையானவன் என்று அதே அதிகாரத்தின் 13ஆம் வசனம் சொல்கிறது. வீட்டுச் சுவருக்கும் ஸாரஅத் வரும். குரு வந்து பார்க்குமுன் பொருட்களை வெளியேற்றிவிட்டால் அவை தீட்டாகா என்கிறது அடுத்த அதிகாரம். 1873இல் ஹான்ஸன் கண்டறிந்த கிருமிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பண்டைத் தூய்மைச் சட்டங்களையெல்லாம் சுகாதார விதிகள் என்று பெருமிதத்தோடு விளக்கும் வழக்கம் நம் மேடைகளிலும் உண்டு. இவ்விரு வசனங்களையும் அவ்விளக்கம் தாங்காது. இந்தச் சொல்லால் இழிவு சுமந்த நோயாளிகளை எண்ணினால், இது அகராதிச் சிக்கலோடு நிற்பதன்று.

கரஹத் என்றதும் நம்மில் பலரது நினைவு, ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் மூவரின் வரலாற்றுக்கு ஓடும். பனூ இஸ்ராயீல் சமூகத்தின் வெண்குட்டக்காரர், ‘அக்ரஉ’, பார்வையற்றவர் ஆகிய அம்மூவரில் நடுவர் இந்தக் கேரேயஹ்தான் என்று ஒலியைக் கொண்டு முடிவுகட்டுவது எளிது, ஆனால் சரியன்று. அக்ரஉவின் இறுதி எழுத்து ஐன். எபிரேயச் சொல்லின் இறுதி ஹேத். அதற்கு நேரான அரபு வேர், ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 140ஆம் வசனத்தில் ‘கர்ஹ்’ என்று காயத்தைக் குறித்து வருவது. நெற்றியில் சிறு வெண்புள்ளி கொண்ட குதிரையை அரபியர் ‘அக்ரஹ்’ என்றதும் அவ்வேரிலிருந்தே. மேலும், அரபு அகராதிகள் நோயால் மயிர் உதிர்ந்தவரையே அக்ரஉ என்கின்றன. இயல்பான முன்வழுக்கை உடையவர் ‘அஸ்லஉ’. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களை ஸஹீஹ் முஸ்லிமின் ஓர் அறிவிப்பு இச்சொல்லின் சிறுமை வடிவாலேயே குறிப்பிடுகிறது. இகழ்ச்சியின் சாயல் அதில் இல்லை. ஆகவே நபிமொழியின் அக்ரஉ, கேரேயஹைவிட நெத்தெக் கண்டவருக்கே நெருக்கமானவர். மக்கள் தம்மை அருவருப்பதாக அவர் மலக்கிடம் முறையிடுவதும் அதனோடு பொருந்துகிறது.

சொல்லொலியில் தேடிய உறவு பொய்த்தாலும், சட்டத்தில் ஓர் உறவு இருக்கிறது. இறந்தவருக்காகத் தலையில் கொர்ஹா உண்டாக்கலாகாது என்று லேவியராகமம் 21:5 குருமாருக்கும், உபாகமம் 14:1 இஸ்ரவேலர் அனைவருக்கும் தடை விதிக்கின்றன. தடை இருந்தும் வழக்கம் மறையவில்லை. ஏசாயா, ஆமோஸ், மீகா ஆகியோரின் நூல்களில் மழித்த தலை துக்கத்தின் இயல்பான அடையாளமாகவே வருகிறது. ஏசாயா 22:12இல் இறைவனே அதற்கு அழைப்பதாகவும் உள்ளது. சட்டநூலுக்கும் தீர்க்கதரிசிகளின் நூல்களுக்கும் இடையிலான இந்த முரணை உரையாசிரியர்கள் பலவாறு சமாளித்திருக்கின்றனர். எதுவும் நமக்கு நிறைவளிக்கவில்லை.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) நோயின் கடுமையில் மயங்கிக் கிடந்தபோது அவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஓலமிட்டாள். தடுக்க அவரால் இயலவில்லை. தெளிந்ததும் அவர் சொன்ன செய்தியை புகாரி, முஸ்லிம் இருவரும் பதிவு செய்துள்ளனர்: துன்பத்தின்போது ஓலமிடுபவள், தலையை மழித்துக்கொள்பவள், ஆடையைக் கிழிப்பவள் ஆகியோரிடமிருந்து அல்லாஹ்வின் தூதர் (ஸல்) விலகிக்கொண்டார்கள், தாமும் விலகிக்கொள்வதாக அவர் அறிவித்தார்.