வில்லன் இல்லாத மீட்டிங்

2020-இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளிவந்த ‘தி சோஷியல் டிலெமா’ ஆவணப்படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பயம் வந்தது. இரண்டாம் முறை எரிச்சல். படம் பொய் சொல்கிறது என்பதால் அல்ல. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரிந்த ஒரு உண்மை அதில் இல்லை.

ஜெஃப் ஆர்லோவ்ஸ்கி இயக்கிய இந்தப் படத்தில் இரண்டு இழைகள். ஒன்று, நேர்காணல்கள். 2006-இல் முடிவில்லாத ஸ்க்ரோலை வடிவமைத்த ஏஸா ரஸ்கின், ஃபேஸ்புக்கின் லைக் பட்டனை உருவாக்கிய குழுவில் இருந்த ஜஸ்டின் ரோசன்ஸ்டீன் போன்றவர்கள் தாங்கள் செய்த வேலையைத் திரும்பிப் பார்த்துக் கலங்குகிறார்கள். இன்னொன்று, ஒரு கற்பனைக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பென்னின் போனுக்குப் பின்னால் ஒரு கட்டுப்பாட்டு அறை. அங்கே வின்சென்ட் கார்தைசர் மூன்று பேராக நின்று, எதைக் காட்டினால் பென் திரும்பி வருவான் என்று திட்டம் போடுகிறார்.

அந்த மூவரும் அல்காரிதத்தின் உருவகம் என்று சொல்லலாம். சரி. ஆனால் முகம் கொடுத்ததுமே அல்காரிதத்துக்குக் கெட்ட எண்ணமும் வந்துவிடுகிறது. நமக்கும் நிம்மதி: வில்லன் கிடைத்துவிட்டான்.

நான் இருந்த மீட்டிங்கில் வில்லன் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் எழுதும் வேலை எனக்கு. எந்த நேரத்தில் அனுப்பினால் அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்தோம். இரவு ஏழரை ஜெயித்தது. கிராஃப் ஏறியது, எல்லாரும் கைதட்டினோம், டீ குடிக்கப் போனோம். யாரும் யாரையும் அடிமையாக்கப் பார்க்கவில்லை.

அம்மாவும் அந்த ஆப்பை வைத்திருந்தாள். ஒருமுறை ஊருக்குப் போனபோது, சாப்பாடு போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது. “இருடா” என்று எடுத்துப் பார்த்தாள். மணி ஏழரை. விட்ட பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. நான் எழுதிய நிரல் என் பேச்சையே வெட்டிவிட்டுப் போனது.

ஒரு வருடம் கழித்து அந்த நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டார்கள். அம்மா நிறுத்தவில்லை. போன் சத்தமே போடாவிட்டாலும் ஏழரை வாக்கில் கை அதைத் தேடுகிறது. ரிலீஸை ரோல்பேக் பண்ணலாம். அம்மாவை எப்படிப் பண்ணுவது?

படம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பழக்கம் மெதுவானது, அதற்குக் கிளைமாக்ஸ் கிடையாது. ஆனால் ஒன்றரை மணி நேரப் படத்துக்குச் சம்பவம் தேவைப்படுகிறது. அதனால் பூட்டி வைத்த போனை எடுக்க ஒரு சிறுமி பெட்டியை உடைக்கிறாள். பென் போராட்டத்துக்குப் போய்க் கைதாகிறான். உண்மையில் பெரும்பாலான வீடுகளில் எதுவும் உடைவதில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிறது. இதை ஒரு நல்ல நாவல் எழுதிவிடும் என்று நம்புகிறேன். அதில் பத்து வருடம் போகும், ஒரு சாப்பாட்டு மேஜை இருக்கும், வில்லன் இருக்க மாட்டான்.

படத்தின் இறுதியில், பெயர்கள் ஓடும்போது ஒரு யோசனை சொல்கிறார்கள்: நோட்டிஃபிகேஷன்களை அணைத்து வையுங்கள். நல்ல யோசனைதான். அம்மாவின் போனில் எல்லாவற்றையும் நானே அணைத்துவிட்டேன்.

ஏழரைக்கு இன்னமும் எடுத்துப் பார்க்கிறாள். ஒன்றும் வரவில்லையே என்று ஒரு நொடி முகம் வாடுகிறது. அந்த வாட்டம் எந்தக் கிராஃபிலும் வராது.